வீரக் கதையும் விட்டுப்போன பக்கங்களும்

யுத்தக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. கதையில் வரும் வீரன் செய்த காரியத்தை நாம் மெச்சுகிறோமா, அல்லது அந்தக் காரியத்தால் கிடைத்த பலனை மெச்சுகிறோமா? இரண்டும் ஒன்றுதானே என்று பலர் சொல்லக்கூடும். கதை எழுதிப் பிழைக்கிறவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஏனென்றால், காரியம் மனிதனுடைய கையில் இருக்கிறது. பலன் அவன் கையில் இல்லை. பலனைக் கொண்டு மனிதனை அளக்க ஆரம்பித்தால், குறி தவறாமல் சுட்டவனும், சுட்டது எப்படியோ பட்டுவிட்ட ஆசாமியும் ஒரே ரகமாகிவிடுவார்கள். நல்ல கதை இந்த இருவரையும் பிரித்துக் காட்டவேண்டும். யுத்தத்தைப் பற்றி உலகம் சொல்லிக்கொண்டிருக்கும் வீரக் கதைகளில் பெரும்பாலானவை அப்படிப் பிரித்துக் காட்டுவதில்லை.

இதைச் சும்மா பொதுப்படையாகச் சொன்னால் போதாது. ஒரு கதையை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கலாம். நம் கரைக்கு மிக அருகில் நடந்த சம்பவம் அது. ஆனாலும் தமிழில் அதைப் பற்றி அதிகமாகப் பேசினவர்கள் இல்லை. 1942-ஆம் வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி, இலங்கைக்குத் தெற்கே கடலில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு விமானத்தின் கதை.

முதலில் அதை எல்லோரும் சொல்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

லெனார்ட் பர்ச்சால் என்பவர் கனடாக்காரர். அப்போது 26 வயது. கனடா விமானப்படையின் 413-வது அணியைச் சேர்ந்தவர். வட கடலில் ஷெட்லாந்துத் தீவுகளிலே குளிரில் விறைத்துக்கொண்டிருந்த அந்த அணியை அவசர அவசரமாக இலங்கைக்கு அனுப்பினார்கள். காலிக்கு அருகில் கொக்கலை என்ற ஏரி இருக்கிறது. கடல் விமானங்கள் தண்ணீரில் இறங்கி ஏற வசதியான இடம். பர்ச்சால் அங்கே வந்து சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் விடியுமுன் காட்டலினா என்ற கடல் விமானத்தில் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ரோந்து கிளம்பினார். காட்டலினா என்பது படகுக்கு இறக்கை வைத்தது போன்ற ஒரு யந்திரம். இறக்கை நுனிக்கு நுனி 104 அடி. ஒரு நாள் முழுவதும்கூட ஆகாயத்தில் இருக்கும். ஆனால் வேகம் கிடையாது. சண்டை விமானம் துரத்தினால் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

பகலெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் தென்படவில்லை. திரும்பவேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. அந்தச் சமயத்தில், மாலை நாலு மணி வாக்கில், தெற்கே தொடுவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டே போனார்கள். புள்ளிகள் கப்பல்களாயின. இன்னும் கிட்டே போனார்கள். முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை அது. அகாகி, ஸோர்யு, ஹிர்யு, ஷோகாகு, ஸுயிகாகு என்ற ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். அவற்றைச் சுற்றிலும் யுத்தக் கப்பல்கள். இலங்கையிலிருந்து 350 மைலுக்கு மேற்பட்ட தூரம்.

கம்பியில்லாத் தந்தியில் செய்தி போயிற்று. மூன்று முறை அனுப்பவேண்டும் என்பது விதி. மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோ விமானங்கள் வந்து சூழ்ந்துகொண்டன. குண்டு பாய்ந்து தந்திக் கருவி சிதறிப்போயிற்று. விமானம் தீப்பிடித்தது. பர்ச்சால் அதை எப்படியோ கடலில் கொண்டுவந்து இறக்கினார். ஆனால் செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜப்பானிய விமானங்கள் வந்தபோது கொழும்பு முத்துத் துறைமுகமாக ஆகவில்லை. இலங்கை பிழைத்தது.

கதைக்கு ஒரு அலங்காரமான முடிவும் உண்டு. யுத்தத்துக்குப் பிறகு வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதரகத்தில் ஒரு விருந்து. யுத்தத்தில் மிக ஆபத்தான தருணம் எது என்று சர்ச்சிலை யாரோ கேட்கிறார்கள். ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருகிறது என்று செய்தி வந்த தருணம்தான் என்கிறார் அவர். அந்தச் செய்தியை அனுப்பிவிட்டு இந்து மகா சமுத்திரத்தின் அடியில் பெயர் தெரியாமல் கிடக்கிறானே ஒருவன், வெற்றிக்கு அவன் செய்தது மிகப் பெரிய உதவி என்றும் சொல்கிறார். உடனே அருகில் இருந்த ஒருவர், அந்த மனிதர் சாகவில்லை, உயிரோடு இதே ஊரில்தான் இருக்கிறார் என்று தெரிவிக்கிறார். பிற்காலத்தில் கனடாவின் பிரதம மந்திரியான லெஸ்டர் பியர்சன் சொன்னதாக வழங்கிவரும் கதை இது. பர்ச்சாலுக்கு 'இலங்கையைக் காத்தவர்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. மைக்கேல் டாம்லின்சன் 1976-இல் இந்தத் தாக்குதலைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குக்கூட 'மிக ஆபத்தான தருணம்' என்றுதான் பெயர்.

கதை நன்றாக இருக்கிறது. ஆரம்பம், சிக்கல், உச்சம், எதிர்பாராத முடிவு எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருக்கின்றன. இவ்வளவு பொருத்தமாக இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. வாழ்க்கை இவ்வளவு சுத்தமாக மடித்து வைத்த வேஷ்டி போல இருப்பதில்லை. மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

முதலாவதாக, அந்தப் பட்டம். இலங்கையைக் காத்தவர் என்றால், இலங்கை பறிபோக இருந்தது என்று அர்த்தமாகிறது. ஜப்பானியர் அப்போது இலங்கையில் துருப்புகளை இறக்க வரவில்லை. அடித்துவிட்டுப் போகத்தான் வந்தார்கள். பிரிட்டிஷ் கப்பற்படையை அழித்தால் போதும் என்பது அவர்கள் நோக்கம். அப்படிப் பார்த்தால், யாருமே பார்க்காவிட்டாலும் தீவு பறிபோயிருக்காது. நாசம் அதிகமாகியிருக்கும், அது வேறு விஷயம்.

இரண்டாவதாக, அந்தச் செய்தி யாரும் அறியாத செய்தியும் அல்ல. ஜப்பானியரின் சங்கேதத் தந்திகளைப் பிடித்துப் படித்து, ஏப்ரல் முதல் தேதி வாக்கில் தாக்குதல் வரும் என்று மார்ச் மாதக் கடைசியிலேயே கொழும்பில் ஊகித்துவிட்டார்கள். அட்மிரல் சாமர்வில் தம்முடைய கப்பல்களைத் திரட்டிக்கொண்டு இலங்கைக்குத் தெற்கே மூன்று நாள் காத்திருந்தார். எதிரி வரவில்லை. குடிதண்ணீரும் எண்ணெயும் குறைந்துபோகவே, மாலத்தீவுகளின் தென்கோடியில் அட்டு என்ற இடத்தில் ரகசியமாக அமைத்திருந்த துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தான் பர்ச்சாலின் செய்தி வந்தது. வரவேண்டிய விருந்தாளிக்காகக் காத்திருந்து, இனி வரமாட்டார் என்று இலையை எடுத்த பிறகு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். ஆகவே அந்தச் செய்தியின் பெருமை புதிய உண்மையைச் சொன்னதில் இல்லை. கைவிட்ட சந்தேகத்தை மறுபடியும் எழுப்பியதில் இருக்கிறது. இந்த நுட்பம் கதைக்கு எவ்வளவு வலுவைக் கொடுக்கும்! கதை சொல்லிகள் அதைத் தொடவில்லை.

மூன்றாவது விஷயம் இன்னும் சங்கடமானது. எச்சரிக்கை கிடைத்தும் கொழும்பில் எல்லோரும் விழிப்பாக இருந்துவிடவில்லை. துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறின, அது உண்மை, அதனால் நஷ்டம் குறைந்தது. ஆனால் காலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ரேடார் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரத்மலானை விமானதளத்தில் ஹரிக்கேன் விமானிகள் தரையில் இருந்தார்கள். எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் ஓடிப்போய் ஏறினார்கள். திருகோணமலையிலிருந்து டார்பிடோக்களைச் சுமந்துகொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் நேரே எதிரியின் வாயில் போய் விழுந்தன; ஆறும் போயின. அங்கொடையில் இருந்த மனநோய் மருத்துவமனை மேலும் குண்டு விழுந்தது. இதெல்லாம் எச்சரிக்கை கிடைத்த ஊரில் நடந்தது. ஒருவன் உயிரைக் கொடுத்து அனுப்பிய செய்தியை இன்னொருவன் எப்படிக் கையாண்டான் என்பதும் அந்தச் செய்தியின் கதைதான்.

அடுத்ததைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும்.

ஏப்ரல் 4-ஆம் தேதி கொழும்புத் துறைமுகத்தில் டார்செட்ஷைர், கார்ன்வால் என்று இரண்டு பெரிய க்ரூசர் கப்பல்கள் நின்றன. பர்ச்சாலின் செய்தி வந்ததும் அவற்றை வெளியே அனுப்பினார்கள். சாமர்வில்லின் படையோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்படி உத்தரவு. இரவோடிரவாகக் கிளம்பின. மறுநாள் மத்தியானம் நட்ட நடுக்கடலில் ஜப்பானிய விமானங்கள் அவற்றைக் கண்டுபிடித்தன. இருபது நிமிஷத்துக்குள் இரண்டும் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். மிச்சமிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் கிடந்து, பிறகு மீட்கப்பட்டார்கள்.

அந்தச் செய்தி வராதிருந்தால் அவை துறைமுகத்திலேயே நின்றிருக்கும்; அங்கே அவற்றின் கதி என்ன ஆகியிருக்குமோ, யாராலும் சொல்ல முடியாது. இதற்குப் பர்ச்சால் எந்த விதத்திலும் பொறுப்பாளி அல்ல. ஆனால், பலனைக் கணக்கு எழுதுகிற கதை, ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடக்கூடாது. பிழைத்த கப்பல்களை அவர் பேரில் வரவு வைத்தால், மூழ்கின கப்பல்களை எந்தப் பேரேட்டில் எழுதுவது? வீரக் கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறார்கள். இந்த மௌனம் பர்ச்சாலுக்குச் செய்கிற மரியாதை என்று அவர்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலனை நம்பி நிற்கிற பெருமை எப்போது வேண்டுமானாலும் சரியும். அதன் மேல் ஒரு நல்ல மனிதரை நிறுத்தி வைப்பது அவருக்குச் செய்கிற தீங்கு.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது. அந்த வாரத்தில் நகுமோவின் படையைக் கண்டு செய்தி அனுப்பி, சுட்டு வீழ்த்தப்பட்ட காட்டலினா ஒன்றல்ல, மூன்று.

பர்ச்சால் விழுந்த இரவே, அவர் சொன்ன திசையில் எதிரியைத் தேடிக்கொண்டு இன்னொரு காட்டலினா போயிற்று. 205-வது அணியைச் சேர்ந்தது. கண்டது, செய்தி அனுப்பிற்று, விடியற்காலையில் ஓய்ந்துபோயிற்று. அதில் இருந்தவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9-ஆம் தேதி காலையில், திருகோணமலையை அடிக்க ஜப்பானியர் வந்தபோது, பர்ச்சாலின் சொந்த அணியிலேயே மற்றொரு விமானம் அவர்களைக் கண்டு சொல்லிற்று. அதுவும் போயிற்று. அதிலும் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், தன்னிடம் ஒரு சண்டை விமானமும் இல்லாத நிலையில், முந்நூறுக்கு மேற்பட்டவர்களோடு மூழ்கியது. அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

மூன்று விமானங்கள். செய்த காரியம் ஒன்று. தெரிந்தே எதிரியின் அருகில் போவது, கண்டதைச் சொல்வது, சொன்னதற்கு விலை கொடுப்பது. இரண்டாவது விமானத்தில் போனவர்களுக்கு முதல் விமானத்துக்கு என்ன நேர்ந்தது என்று ஊகிக்கத் தெரியாமலா இருந்திருக்கும்? மூன்றாவது விமானத்துக்கு முந்தின இரண்டின் கதியும் தெரியும். துணிச்சலை அளக்க ஒரு தராசு இருந்தால், பின்னால் போனவர்கள் பக்கம் தட்டு தாழுமே தவிர உயராது. இருந்தும் 'காத்தவர்' என்ற பட்டம் அவர்களில் யாருக்கும் கிடைக்கவில்லை. சொல்லத் திரும்பி வந்தவர் ஒருவர். அவர் கதை நின்றது. திரும்பி வராதவர்களுக்குக் கதை இல்லை.

இப்போது சர்ச்சில் சொன்னதாக வழங்கும் அந்த வாக்கியத்தை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். பெயர் தெரியாமல் சமுத்திரத்தின் அடியில் கிடக்கிற மனிதன் என்றார். கேட்டவர்கள், அவர் உயிரோடு இருக்கிறார் என்று திருத்தினார்கள், எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள், கதை அங்கே முடிந்துவிட்டது. திருத்தியிருக்கவே வேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன். சர்ச்சில் அறியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார். அப்படிச் சமுத்திரத்தின் அடியில் கிடக்கிறவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஒருவர் பிழைத்திருக்கிறார் என்று தெரிந்த மகிழ்ச்சியில், பிழைக்காதவர்களைப் பற்றிய பேச்சு நின்றுபோயிற்று. சர்ச்சில் தாமே எழுதிய யுத்த சரித்திரத்தில் இந்தக் காட்டலினா இரண்டொரு வாக்கியங்களில் வந்து போய்விடுகிறது. ஒரு விதத்தில், அந்தச் சிக்கனமான வாக்கியங்கள் விருந்துக் கதையைவிட நியாயமானவை. அங்கே எல்லோரும் ஒரே மாதிரி பெயரில்லாமல் இருக்கிறார்கள்.

சரி, இவ்வளவையும் கழித்துவிட்டால் கதையில் என்ன மிஞ்சுகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நிறைய மிஞ்சுகிறது. நல்ல கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கதை சொல்லிகள் உச்சத்தைத் தந்திக் கருவியின் மேல் வைக்கிறார்கள். நானாக இருந்தால் அதைத் தண்ணீரில் வைப்பேன். விமானத்தில் ஒன்பது பேர். ஒருவர் காலில் பலத்த காயம்; அவர் விமானத்தோடேயே மூழ்கிவிட்டார். எட்டுப் பேர் கடலில் குதித்தார்கள். ஜீரோ விமானங்கள் தண்ணீரில் மிதக்கிறவர்களைச் சுட்டுக்கொண்டே மேலே பறந்தன. சுடும்போது முழுகவேண்டும், போனதும் தலை தூக்கவேண்டும். மிகவும் காயம்பட்ட இருவருக்கு மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். அவர்களால் முழுக முடியவில்லை, சட்டை முழுகவிடாது. காப்பாற்றுவதற்காகப் போட்ட சட்டையே அவர்களைக் குறியாக நிறுத்திவிட்டது. இருவரும் இறந்தார்கள். அதைப் போட்டு விட்ட கைகள் யாருடையவையோ, அவர்கள் சில கஜ தூரத்தில் இருந்து பார்த்திருப்பார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். சுட்டவர்களின் கப்பலே வந்து மிஞ்சின ஆறு பேரையும் எடுத்தது. இஸோகாஸே என்ற நாசகாரிக் கப்பல். ஒரு நிமிஷம் முன்னால் கொல்லப் பார்த்தார்கள். மறு நிமிஷம் கயிறு போட்டு ஏற்றினார்கள். ஏற்றினது தயையினால் அல்ல. ஒரு கேள்வி கேட்கவேண்டும். செய்தி அனுப்பினீர்களா, இல்லையா?

அனுப்பவில்லை என்று சொன்னார்கள். மேல்தளத்தில் போட்டு அடித்தார்கள். அப்போதும் இல்லை என்றார்கள். பர்ச்சால் பிற்காலத்தில் சொன்னபடி, அந்த நேரம் பார்த்துக் கொழும்பு நிலையம், செய்தியை மறுபடி அனுப்பு என்று கேட்டதை ஜப்பானியர் பிடித்துவிட்டார்கள். பொய் வெளிப்பட்டது. அடி இன்னும் பலமாயிற்று.

இந்த இடத்தில் எனக்குப் பேனா ஓடும். தாங்கள் அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா என்று ஆறு பேருக்கும் அதுவரை தெரியாது. கருவி சிதறிப்போனதுதான் தெரியும். சேர்ந்துவிட்டது என்பதை அவர்களுக்கு முதலில் தெரிவித்தது கொழும்பு அல்ல, விழுகின்ற உதைதான். ஏதோ பலன் இருக்கும் என்ற ஆறுதல் அந்த உதையின் வழியாக வந்தது. மறுநாள் கொழும்பில் எது பிழைத்தது, எது போயிற்று என்றெல்லாம் அந்த அறைக்குள் இருந்த அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் முதலில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. பலன் தெரியாத இடத்தில் மனிதன் எப்படி நடந்துகொண்டான் என்பதுதான் காரியம்.

அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் சிறைவாசம். யோகொஹாமா பக்கத்து முகாம்கள். ஓஃபுனா என்ற விசாரணை முகாம். பட்டினி, குளிர், வியாதி. பர்ச்சால் பதவியில் மூத்தவர் என்பதால் கைதிகளுக்காகப் பேசவேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நோயாளிகளை வேலைக்கு இழுத்துக்கொண்டு போகிற காவலாளியை எதிர்த்துக் கையை ஓங்கினார். நோயாளிகளை விடுகிற வரையில் ஒருவரும் வேலை செய்யமாட்டோம் என்று மற்றவர்களை உட்கார வைத்தார். அதற்கெல்லாம் கிடைத்த கூலி அடியும் தனிச் சிறையும். ரகசியமாக நாட்குறிப்பு எழுதிப் புதைத்து வைத்தார். யுத்தத்துக்குப் பிறகு நடந்த விசாரணைகளில் அவை சாட்சியமாயின. விமானத்தில் செய்த காரியத்துக்கு அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். சிறையில் செய்ததற்கு 1946-இல் வேறொரு விருது கொடுத்தார்கள். 2004-இல், 89-வது வயதில் இறந்தார். உலகம் முதல் பதக்கத்தின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. ஆகாயத்தில் அவர் செய்தது துணிச்சலானது, சந்தேகமில்லை. ஆனால் அது சில நிமிஷங்களில் முடிந்த துணிச்சல். பயிற்சியும் பழக்கமும் மனிதனை அந்த நிமிஷங்களில் தாங்கிப் பிடிக்கும். சிறையில் அப்படி இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்து, இன்றைக்கும் அடி வாங்குவதா, பேசாமல் இருப்பதா என்று தீர்மானிக்கவேண்டும். பேசாமல் இருந்திருந்தால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். தாமாகவே தேர்ந்தெடுத்துக்கொண்டது அது. நாவல் எழுதுவதற்கு விஷயம் அங்கே இருக்கிறது. வீரக் கதையோ அவர் கடலில் விழுந்ததும் முடிந்து, ஒரு விருந்து மேஜைக்குத் தாவிவிடுகிறது. நடுவில் மூன்று வருஷத்தைக் காணோம்.

செய்தியின் மதிப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். இரண்டே மாதம் கழித்து, ஜூன் 4-ஆம் தேதி, பசிபிக் சமுத்திரத்தில் மிட்வே தீவுக்கு அருகில் இதே நகுமோ வந்துகொண்டிருந்தார். அங்கேயும் அவரை முதலில் கண்டு சொன்னது ஒரு காட்டலினாதான், அமெரிக்கர்களுடையது. அங்கேயும் சங்கேதத் தந்திகளைப் படித்து எதிரி வருவதை முன்கூட்டி அறிந்திருந்தார்கள். ஆனால் அங்கே கேட்கிறவர்கள் தயாராகக் காத்திருந்தார்கள். கொழும்புக்கு வந்த ஐந்தில் அகாகி, ஸோர்யு, ஹிர்யு மூன்றும் அந்தச் சண்டையில் ஒழிந்தன. அதே மாதிரி விமானம், அதே மாதிரி செய்தி, அதே எதிரி. பலன் மட்டும் வேறு. அந்த வேற்றுமைக்கும் விமானத்தில் இருந்தவர்களின் தைரியத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? பலனை வைத்து மனிதனை அளப்பது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். கொழும்பில் குண்டு விழுந்த மறுநாள், ஏப்ரல் 6-ஆம் தேதி, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை காலியாயிற்று. அவசியமில்லாதவர்கள் ஊரை விட்டுப் போங்கள் என்று அரசாங்கமே சொல்லிற்று. 'இவாகுவேஷன்' என்ற ஆங்கிலச் சொல் அந்த வருஷம் பாட்டிமார்களின் வாயிலெல்லாம் புழங்கிற்று. நம் ஜனங்கள் அதை ஒரு வேடிக்கையாகவே நினைவில் வைத்துக்கொண்டார்கள். பூட்டிவிட்டுப் போன வீடு, தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினர் வீட்டில் இருந்த சில மாதங்கள், திரும்பி வந்து பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை என்ற சிரிப்பு. ஒன்றும் ஆகவில்லை என்பது நமக்கு. நமக்கும் கொழும்புக்கும் தெற்கே அந்தக் கடலில் ஆயிற்று.

யுத்தத்தைத் தமிழில் நேருக்கு நேர் பார்த்து எழுதினவர்கள் மிகக் குறைவு. 1972-இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' ஒரு பெரிய விதிவிலக்கு. ஜப்பானியர் ஆண்ட மெடானையும் பினாங்கையும் அங்கே பிழைக்கப் போன தமிழன் கண்ணால் காட்டினார் அவர். அந்த நாவல் எனக்கு ஏன் உயர்ந்ததாகத் தோன்றுகிறது என்றால், அதில் யாரும் எதையும் 'காத்தவர்' ஆவதில்லை. மனிதர்கள் சரித்திரத்தில் அகப்பட்டுக்கொண்டு, தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். சரித்திரம் அவர்களைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. இந்தப் பார்வையோடு ஒருவர் கொக்கலையிலிருந்து கிளம்பிய அந்த மூன்று விமானங்களின் கதையை எழுதினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வெள்ளைக்காரர்களின் யுத்தம் நமக்கு எதற்கு என்று யாராவது கேட்பார்கள். குண்டு மட்டும் நம் ஊர்களில் விழுந்ததே. திருகோணமலையும் மட்டக்களப்பும் யாருடைய ஊர்கள்?

அப்படி எழுதுகிறவர் பர்ச்சாலின் பெருமையைக் குறைக்கவேண்டிய அவசியமே இல்லை. அவருடைய பட்டத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டால் போதும். அது இல்லாமலே அவர் நிமிர்ந்து நிற்பார். தந்திக் கருவியின் முன்னால் உட்கார்ந்து கடைசி வரை தட்டிக்கொண்டிருந்தவருக்கும், மிதவைச் சட்டையோடு இறந்த இருவருக்கும், மற்ற இரண்டு விமானங்களில் போனவர்களுக்கும் பக்கத்தில் அப்போது இடம் கிடைக்கும். ஒரே ஒரு ஆள் நிற்கிற பீடத்தில் அவர்களுக்கு இடம் இல்லை.

வீரக் கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு அது வேண்டும். பெரியவர்களுக்கும் சில சமயம் வேண்டும். கதையில் உச்சம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிற பழக்கத்தைத்தான் விடவேண்டும் என்கிறேன். தண்ணீரில் எட்டுத் தலைகள் தெரிந்தன. ஆறு பேர் கப்பலில் ஏறினார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நடந்ததைச் சொல்லாத கதை, எத்தனை பதக்கம் குத்திக்கொண்டாலும், அரைக் கதைதான்.